வாத்தியம் எப்போதும் புதுசு போலவே இருக்க வேண்டுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீணை, மிருதங்கம், வயலின், நாகஸ்வரம் வாசிப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வீணை வாசிப்பவள், சொல்லிக்கொடுப்பவள். அதனால் வீணையைப் பற்றிய பேச்சு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழுக்கை அன்றன்றே துடைக்க வேண்டும், பழுதை உடனே பார்க்க வேண்டும், கை பட்டுத் தேய்ந்ததை அப்படியே விட்டுவிட வேண்டும்.

தினமும் வாசிக்கிற வாத்தியம் கடையில் வாங்கிய நாள் போலவே இருப்பது சாத்தியமா?

சாத்தியமில்லை, தேவையும் இல்லை. வீணை வாசிக்கும்போது வலது முன்கை, உருண்டையான அடிப்பகுதியான குடத்தின் விளிம்பில் சாய்ந்தே இருக்கிறது. நாலைந்து வருஷம் ஒழுங்காகச் சாதகம் செய்த யாருடைய வீணையை வேண்டுமானாலும் பாருங்கள். அந்த விளிம்பில் பாலிஷ் போய், உள்ளங்கை அகலத்துக்குப் பலாமரம் வெளியே தெரியும். தடவிப் பார்த்தால் பாலிஷ் போட்ட இடத்தைவிட அங்கேதான் வழவழப்பு அதிகம். அது கெட்டுப்போன இடமல்ல. வாத்தியமும் வாசிப்பவரும் தினமும் தொட்டுக்கொண்ட இடம்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், மூன்று வெவ்வேறு சங்கதிகளை நாம் ஒன்றாகப் பார்க்கிறோம். விரல் எண்ணெய், வியர்வை, தூசு, வயலின் வில்லில் தேய்க்கும் ரோசின் பொடி எல்லாம் அழுக்கு. முன்கை பட்டுப் பாலிஷ் போவது தேய்மானம். குடத்தில் விரிசல், ஒட்டு விடுவது, தந்தியை முறுக்கும் பிருடை வழுக்குவது, தந்தியைத் தாங்கும் குதிரை ஆடுவது ஆகியவை பழுது. தேய்மானத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் பலர் பழுதைக் கவனிப்பதில்லை. குடத்தில் ஒரு கீறல் விழுந்ததற்குத் தூக்கம் போய்விடும். பிருடை நிற்காமல் கச்சேரி நடுவே சுருதி இறங்குவதை மட்டும் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள்.

பாலிஷ் போனால் நாதம் குறையுமா?

குடத்தின் பின்புறத்திலோ நீண்ட கழுத்துப் பகுதியான தண்டியிலோ பாலிஷ் தேய்ந்ததால் நாதம் குறைந்தது என்று நான் கேட்டதில்லை. பாலிஷின் வேலை, ஈரமும் வியர்வையும் மரத்துக்குள் இறங்காமல் தடுப்பது. மரம் வெளியே தெரியும் இடத்தில் வியர்வை ஊறிக் கறுத்தால், அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிசாக அரக்குப் பாலிஷ் கொடுக்கச் சொல்லலாம்.

நாதம் கெடுவது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து. “புதுசு மாதிரி ஆக்கிக்கொடுங்க” என்று கொடுக்கும்போது முழு வீணையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே கனமாக வார்னிஷ் பூசுகிறார்கள். குடத்தின் மேல்பலகைதான் தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது. அதைத் தேய்த்தால் கனம் குறையும். தடிமனாகப் பூசினால் எடை கூடி அதிர்வு அடங்கும். இரண்டுமே வாத்தியம் செய்த ஆசாரி தட்டித் தட்டிக் கேட்டுச் செதுக்கிய கணக்கை மாற்றுகிற வேலை. பாலிஷ் போட்டே தீர வேண்டுமென்றால் மேல்பலகையைத் தொட வேண்டாம் என்று வாயால் சொல்லாதீர்கள், சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

மெட்டுகளில் தந்தி பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறது. இதுவும் அழகு சம்பந்தப்பட்டதுதானே?

இல்லை. இதை அப்படி நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது.

வீணையில் தந்திக்குக் கீழே குறுக்கே நிற்கும் 24 உலோக மெட்டுகளும் கறுப்பு மெழுகில் பதிக்கப்பட்டவை. முதல் தந்தியான சாரணியைத்தான் நாம் அதிகம் பயன்படுத்துகிறோம், அதனால் அந்தத் தந்தி ஓடும் பாதையில் மெட்டு முதலில் தேயும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு விதத் தேய்மானம் தெரியும். தந்தி நேராக அழுந்தும் இடத்தில் ஊசியால் கோடு போட்டது போல ஒரு சின்னப் பள்ளம். அதன் பக்கத்தில், ஸ்வரத்தை அசைக்கிற கமகத்துக்காகத் தந்தியை இழுக்கிற திசையில், மெட்டின் முதுகு தட்டையாகிப் பளபளவென்று ஒரு பட்டை. தோடி, பைரவி போன்ற ராகங்களை நிறைய வாசிப்பவர் வீணையில் அந்தப் பட்டை நன்றாகவே தெரியும்.

பட்டை தொந்தரவு தராது. பள்ளம் தரும். தந்தியை இழுக்கும்போது பள்ளத்தின் விளிம்பில் தட்டி, ஸ்வரம் வழுக்காமல் ஒரு ‘டக்’ கேட்கும். பிறகு ‘ஜிர்’ரென்று ஓர் இரைச்சல். கடைசியில் ஸ்வர ஸ்தானமே நகரும். மெட்டுகளைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும், அல்லது மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும். மேளம் கட்டுவது என்று சொல்கிறோமே, அதுதான். காதுள்ள ஆள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை அது. வீணைக்குச் செலவழிக்க ஒரு தொகைதான் இருக்கிறது, பாலிஷா மேளமா என்று கேட்டால், இரண்டாம் யோசனையே வேண்டாம், மேளம்.

குதிரையின் மேல் இருக்கும் வளைந்த தகட்டுக்கும் இதே கதைதான். அதில் தந்தி தடம் பதிந்தால் நாதத்தின் கார்வை, அதாவது நீண்டு ஒலிப்பது, போய்விடும். வீட்டில் அரம் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டாம்.

மெட்டு கறுத்துவிட்டால் புளி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குப் புளி சரி, மெட்டுக்கு வேண்டாம். புளித் தண்ணீர் மெழுகின் ஓரத்தில் தங்கி மெட்டையும் தந்தியையும் அரிக்கும். கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷிலும் பொடி இருக்கிறது. அது மெழுகில் ஒட்டினால் லேசில் வராது. உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு மெட்டாகத் துடைத்தால் போதும். கறுப்பு கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரல் வழுக்குவதற்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்கிறோம். வாசித்து முடித்ததும் தந்தியையும் மெழுகின் மேற்பரப்பையும் துடைக்காவிட்டால் எண்ணெயும் தூசும் சேர்ந்து பிசுக்காகும், மெழுகும் நாளடைவில் இளகும். தந்தியைத் துடைப்பது சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னும் முக்கியம். ஈரக் காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மிருதங்கத்தின் கரணையில் வெடிப்பு வெடிப்பாக இருக்கிறதே, அசிங்கமாக இல்லையா?

அந்த நுண்ணிய வெடிப்புகள் அப்படித்தான் இருக்க வேண்டும். கரணை என்பது வலந்தலையின் (வலது பக்கத் தோலின்) நடுவில் உள்ள கறுப்பு வட்டம். அது சோறும் கிட்டக்கல் பொடியும் குழைத்து, மெல்லிய படலம் படலமாக வைத்து, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்து உருவாக்கப்படுவது. தேய்க்கத் தேய்க்க அது சிறு சிறு துண்டுகளாக வெடிக்கிறது. துண்டுகள் தோலோடு ஒட்டியிருக்கும், ஆனால் ஒன்றோடொன்று இறுகியிருக்காது. அதனால்தான் அவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டும் தோல் வளைந்து அதிர முடிகிறது. வெடிப்பே இல்லாமல் கண்ணாடி போல இறுகிய கரணை பேசாது.

நடுவில் பாரம் ஏற்றுவதால் என்ன நடக்கிறது என்பதை சி. வி. ராமன் ஆராய்ந்து 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சாதாரண முரசுத் தோலின் உபசுரங்கள் (கூடவே எழும் மேல் ஸ்வரங்கள்) ஒன்றுக்கொன்று ஒத்துவராது. நடுவில் இப்படிப் பாரம் ஏற்றிய தோலில் அவை தந்தி வாத்தியத்தைப் போல ஒழுங்கான விகிதத்தில் வந்து நிற்கின்றன. மிருதங்கம் சுருதியோடு சேர்ந்து ஒலிப்பது இதனால்தான். அந்த வட்டத்தை ‘அழகுபடுத்துகிறேன்’ என்று மேலே எதையாவது பூசுவது அந்தக் கணக்கில் கை வைப்பதாகும்.

கவனிக்க வேண்டிய அசிங்கம் வேறே இருக்கிறது. தொப்பியில் (இடது பக்கத் தோலில்) அப்பும் ரவையைக் கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துத் துடைக்காமல் அப்படியே உறையில் போட்டு மூடுகிறார்கள். அது புளித்து, நாறி, பூச்சி வந்து தோலைத் தின்னும். கட்டையில் எத்தனை கீறல் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ரவை காய்ந்து ஒட்டிய தொப்பியைப் பார்த்தால் மட்டும் நிஜமாகவே கோபம் வரும்.

கரணையிலிருந்து துண்டுகள் பெயர்ந்து விழ ஆரம்பித்தால் அது தேய்மானமல்ல, பழுது. புதுக் கரணை வைக்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

வயலினில் ரோசின் வெள்ளையாகப் படிந்திருப்பது ‘நிறைய வாசிக்கிறவர்’ என்பதற்கு அடையாளம் என்கிறார்களே?

நிறைய வாசிக்கிறவர், துடைக்காதவர். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அது அடையாளம். ரோசின் பிசின்தானே, வார்னிஷோடு ஒட்டிக்கொள்ளும். நாள்பட விட்டால் கெட்டியான பழுப்புப் படலமாகிவிடும். பிறகு அதை எடுக்க ஸ்பிரிட் தொட்டால் ரோசினோடு வார்னிஷும் கரைந்து வரும். வாசித்த உடனே மென்மையான உலர்ந்த துணியால், குதிரையைச் சுற்றியும் விரல்பலகையின் நுனிக்குக் கீழேயும், அழுத்தாமல் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. மர நாற்காலிக்குப் போடும் பாலிஷை வயலின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நம் ஊரில் தரையில் உட்கார்ந்து, வயலினின் சுருள்தலையை வலது காலில் தாங்கி வாசிக்கிறோம். அதனால் சுருள்தலையில் தேய்மானம் வரும். மேல்நாட்டு வயலின்களில் அந்த இடத்தில் அப்படித் தேய்ந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டு “இப்படித் தேய விட்டிருக்கிறீர்களே” என்று பழுது பார்ப்பவர் கேட்டால் வருத்தப்பட வேண்டாம். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசாமி தீட்சிதர் காலத்திலிருந்து இந்த வாத்தியம் நம்மோடு இருக்கிறது. நாம் வாசிக்கும் விதம் அதன் உடம்பில் பதிவதில் தவறில்லை.

நாகஸ்வரம்?

இதில் பழமையே சிறப்பு. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சாமரத் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்து, இனிச் சுருங்க எதுவும் மிச்சமில்லாத மரம் அது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியத்தின் மூலப்பொருளே இடித்த வீட்டு மரம் என்றால், குழலின் மேல் நாலு கோடு விழுந்ததற்கு யோசிப்பானேன்? உள்துளையை ஈரம் தங்காமல் துடைப்பது, வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வது, இவை போதும்.

சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமம் வைக்கிறோம். கறை பிடித்துவிடுகிறதே?

வைக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் கவனம் தேவை. வீணையில் தண்டியின் நுனியில் உள்ள யாளியின் நெற்றியில் ஒரு பொட்டு போதும். மேல்பலகையிலும் மெட்டுப் பக்கத்திலும் வேண்டாம். மிருதங்கத்துக்குக் கட்டையின் வயிற்றில், வாருக்கு இடையில் வையுங்கள். தோலில் வைத்தால் ஈரம் இறங்கும், கரணையில் குங்குமம் வெடிப்புக்குள் போய்விடும். வயலினுக்குப் பெட்டியின் மேல் வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழையுங்கள், தண்ணீராக ஓடக் கூடாது. விஜயதசமி காலையில் எடுத்து வாசிப்பதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

யாளியின் நெற்றியில் வருஷா வருஷம் வைத்த குங்குமம் லேசாகச் சிவப்பேறி நிற்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குழந்தை புது வீணையில் கீறிவிட்டாள். திட்டாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கஷ்டம் புரிகிறது. நகை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. ஆனாலும் திட்டாதீர்கள். வாத்தியத்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளை அதை எடுக்காமலே இருக்கக் காரணம் தேடும். வாரம் ஒருமுறை வகுப்பில் மட்டும் உறையிலிருந்து வெளியே வரும் வீணை பளபளப்பாகத்தான் இருக்கும், வாசிப்பு வராது. காலில் படாமல் வைப்பது, தாண்டாமல் சுற்றிப் போவது, வாசித்ததும் துடைத்து உறை போடுவது, இவற்றைக் கற்றுக்கொடுங்கள். ஆரம்பப் பாடமான ஜெண்டை வரிசை முடியும் முன்பே முன்கை படும் இடத்தில் பாலிஷ் மங்க ஆரம்பித்தால், உள்ளபடியே சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது.

மேடையில் கேமரா நெருக்கத்தில் காட்டுகிறது. தேய்ந்த வாத்தியம் மரியாதைக் குறைவு ஆகாதா?

தூசும் பிசுக்கும் தெரிந்தால் மரியாதைக் குறைவுதான், சபைக்கும் வாத்தியத்துக்கும். தேய்மானம் அப்படியல்ல. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகிறோம், வாத்தியத்தையும் துடைத்து எடுத்துப் போகிறோம், அவ்வளவே.

விலையுயர்ந்த வாத்தியத்தைத் தொடாமல் வைத்தால்தானே காப்பாற்ற முடியும்?

இதற்கு இத்தாலியிலிருந்து இரண்டு வயலின்களைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ராடிவாரி 1716-இல் செய்த ‘மெசையா’ இப்போது ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கிட்டத்தட்ட செய்த நாளில் இருந்தது போலவே இருக்கிறது, ஏனென்றால் அதை யாரும் அதிகம் வாசிக்கவில்லை. குவார்னேரி 1743-இல் செய்த ‘கன்னோனே’ என்ற வயலினைப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் பகானினி பல வருஷம் வாசித்து, ஜெனோவா நகரத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதில் அவருடைய தாடை பட்ட இடத்தில் வார்னிஷ் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தை யாரும் மறைக்கவில்லை. நகரம் அதைப் பாதுகாத்து, அவ்வப்போது நல்ல கலைஞர்கள் கையில் கொடுத்து வாசிக்கவும் வைக்கிறது.

மெசையா அப்படி இருப்பதிலும் பயன் உண்டு. ஸ்ட்ராடிவாரியின் வார்னிஷும் விளிம்புகளும் முதலில் எப்படி இருந்தன என்று வயலின் செய்பவர்கள் பார்க்க அது ஒரு மூலப்படி. உலகத்துக்கு அப்படி ஒன்றிரண்டு போதும். உங்கள் வீட்டு வீணை அருங்காட்சியகப் பொருள் அல்ல. வாசிக்காமல் வைத்த வீணையில் பிருடை இறுகும், மெழுகு காய்ந்து வெடிக்கும், உறைக்குள் பூச்சி வரும். தொடாமல் வைப்பதும் ஒருவகையில் கெடுப்பதுதான்.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் ஓட்டை விழுந்த கித்தாரையே வாசிக்கிறாரே, அப்படியானால் எதையும் சரிசெய்ய வேண்டாமா?

அந்தக் கித்தார் உண்மையில் நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது. 1969-இல் வாங்கிய மார்ட்டின் என்-20, பெயர் ‘டிரிக்கர்’. நைலான் தந்தி கித்தாரை விரலால் வாசிப்பார்கள் என்று நினைத்து அதில் காப்புத் தகடு வைக்கவில்லை. அவர் பிளெக்ட்ரம் (மீட்டும் சிறு தகடு) வைத்து வாசித்ததால் ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளையே விழுந்துவிட்டது. ஓட்டையை அடைக்கவில்லை. ஆனால் ஆஸ்டினில் ஒரு கைவினைஞர் பல பத்தாண்டுகளாக அதை முறையாகப் பார்த்துப் பராமரித்து வருகிறார். தோற்றத்தை விட்டுவிட்டு வாத்தியத்தைக் கவனிக்கிறார்கள். அந்த ஓட்டையைக் காட்டிச் சோம்பலுக்கு நியாயம் சொல்ல முடியாது.

தேய்ந்த தோற்றத்தைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்பதும் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1995-இலிருந்து அப்படிப்பட்ட ‘ரெலிக்’ கித்தார்களைச் செய்கிறது. ஆசைப்பட்டு வாங்குபவர்கள் வாங்கட்டும். என் மனசுக்கு ஒட்டவில்லை. வாசிக்காமல் வந்த தேய்மானத்தில் எந்தச் செய்தியும் இல்லை.

பழைய வீணையில் தந்த வேலைப்பாடு உடைந்திருக்கிறது. மாற்றலாமா?

தந்தம் வாங்குவதும் விற்பதும் இந்தியாவில் சட்ட விரோதம், மான் கொம்பும் அப்படியே. மீதமிருப்பதை அப்படியே வைத்து, உடைந்த இடத்தில் வேறு பொருள் பொருத்தச் சொல்லுங்கள், அல்லது காலியாகவே விடுங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் முன்கூட்டியே விதிகளை விசாரியுங்கள், சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம்.

எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

வெயிலுக்கு. மெட்டு பதிக்கும் மெழுகின் அடிப்படை தேன்மெழுகு. அது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வீணையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது மெட்டு நகர்ந்திருக்கலாம். வெளியே பார்க்கக் கீறல்கூட இருக்காது. அடுத்தது, ஈரப்பதம் சட்டென்று மாறுவது. மார்கழி கச்சேரிகளில் குளிரூட்டிய அரங்கிலிருந்து நேரே வெளிக்காற்றுக்கு எடுத்துவரும்போது உறையை உடனே திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். மர வாத்தியங்களுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் நல்லது. விமானப் பயணத்துக்குக் கெட்டிப் பெட்டி இல்லாமல் அனுப்பாதீர்கள். குடமும் தண்டியும் சேரும் ஒட்டு விட்டால், ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணை இல்லாத பட்சத்தில், அதுதான் பெரிய செலவு.

பழைய வீணை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கலாமா?

புதுசாகப் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வரும் பழைய வீணையைச் சந்தேகத்தோடு பாருங்கள். கனமான வார்னிஷுக்கு அடியில் விரிசல் ஒளிந்திருக்கும். மேல்பலகைத் துளை வழியாகக் கைபேசி வெளிச்சம் அடித்து உள்ளே பாருங்கள், உள்ளே யாரும் பாலிஷ் போடுவதில்லை. குடத்தை விரல் மூட்டால் சுற்றிவரத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் சப்பென்று கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது.

தாத்தாவின் வீணை இருபது வருஷமாகப் பரணில் இருந்தது. முதலில் என்ன செய்வது?

பாலிஷ் கடைக்குப் போகாதீர்கள். உலர்ந்த தூரிகையால் தூசு தட்டி, துணியால் துடைத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டாதீர்கள். பிறகு வீணை வேலை தெரிந்தவரிடம் விரிசல், பிருடை, குதிரை, மேளம் என்ற வரிசையில் சரிசெய்யச் சொல்லுங்கள். புதுத் தந்தி ஏற்றி, சுருதி கூட்டி, ஆறு மாசம் வாசியுங்கள். பாலிஷ் வேண்டுமா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம். அநேகமாகக் கேட்கவே மாட்டீர்கள்.